ஜும்ஆ நேரத்தில் ஓடிய மோட்டர்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பேய், பிசாசு என்று கதை கட்டும் குடும்பமல்ல எங்களுடையது. என் வாப்பா முப்பது வருடம் பள்ளிவாசல் நிர்வாக சபையில் நம்பிக்கையாளராக இருந்தவர். அந்தப் பெயரைக் காப்பாற்றவே இதை ஒரு வருடமாக மூடி வைத்திருந்தேன். இனி முடியாது. நடந்தது நள்ளிரவில் அல்ல. வெள்ளிக்கிழமை, கல்முனையில், வெயில் எரிக்கும் பட்டப்பகலில்.

எங்கள் வீட்டு வளவில் சிறிய நெல் மில் ஒன்று இருக்கிறது. மோட்டர் திரீ பேஸ். வளவுக்கு வரும் கரண்ட் சிங்கிள் பேஸ். சுவிட்சைப் போட்டால் அந்த மோட்டர் ‘ம்ம்ம்...’ என்று உறுமும், சுற்றாது. ஒருவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் ஓடும். பத்தொன்பது வருடம் அந்த வேலையைச் செய்தவர் நாவிதன்வெளிச் சாமித்தம்பி. சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஓராள் நிற்கத்தான் இடம். அங்கே மோட்டரைப் பார்த்து நிற்பார். வலது கையால் தன் பக்கமாக ஒரே இழுவை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வலது கையைப் பெல்ட் கொண்டுபோய்விட்டது. ஜும்ஆத் தொழுகை நேரம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எந்த மெஷினும் ஓடாது.

“நாங்க பள்ளியில இருக்கக்குள்ள, கேக்காமக் கொள்ளாம அவன் ஓட்டியிருக்கான்” என்று ஊரில் சொன்னேன். ஊர் நம்பியது. பிறகு, கையால் இழுக்கத் தேவையில்லாதபடி மெக்கானிக் டிலக்சன் ஒரு கொண்டென்சர் பூட்டித் தந்தான்.

போன ஓகஸ்ட் மாதம். வெள்ளிக்கிழமை காலை 10.15. கொண்டென்சர் ‘டப்’ என்று வெடித்தது. டிலக்சன் வந்து அதைக் கழற்றிப் பையில் போட்டான்.

“புதுசு பின்னேரம்தான் ஹாஜியார்.”

“அதுவரைக்கும் கையால இழுத்து விடுவமா வாப்பா?” என்று கேட்டான் என் மகன் முர்ஷித்.

டிலக்சன் சிரித்தான். “நீங்க இழுங்க தம்பி. எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

“வாயப் பொத்து,” என்றேன்.

11.50க்கு மெயின் சுவிட்சை நானே இறக்கினேன். கதவை நானே பூட்டினேன். சாவி என் பையில். முர்ஷித்தோடு பள்ளிக்கு நடந்தேன். அந்த ஞாயிறு, வாப்பா இருந்த இடத்துக்கு என்னைத் தெரிவு செய்வதாகப் பேசியிருந்தார்கள். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

12.31. குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது.

ம்ம்ம்ம்...

மின்விசிறி என்று நினைத்தேன்.

தட்... தட்... தட்தட்தட்...

பெல்ட்டின் தையல் அடிக்கும் சத்தம். எங்கள் மில்லைத் தவிர வேறெங்கும் அந்தச் சத்தம் வராது.

குத்பா நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. தலைகள் மட்டும் திரும்பின. என்னைப் பார்த்தன. முர்ஷித் என் பின்னால்தான் இருந்தான்.

வாழ்நாளில் முதல் தடவையாகக் குத்பாவின் நடுவில் எழுந்து வெளியே போனேன்.

தெருவில் ஒரு குருவிகூட இல்லை.

12.36. பூட்டு, நான் பூட்டியபடியே தொங்கியது. உள்ளே மில் ஓடியது.

திறந்தேன்.

மெயின் சுவிட்ச் மேலே ஏற்றப்பட்டிருந்தது. ஆள் இல்லை.

ஆனால் பெல்ட்... மறுபக்கமாக ஓடியது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ஓடாத பக்கம்.

சுவிட்சை இறக்கினேன்.

தட்... தட்... தட்.

நின்றது.

சுவரிடுக்கில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

கரண்ட் இல்லை. பெல்ட் ஒரு சாண் நகர்ந்தது.

இன்னும் ஒரு சாண்...

ஓடினேன்.

பள்ளிவாசலடியில், தொழுகை முடிந்து வெளியே வந்த பக்கத்து வளவுச் சாலிஹ் மறித்தார்.

“என்ன காலிதீன் காக்கா, இந்த முறையும் கேக்காமத்தான் ஓட்டினானா?”

“ஆர்?”

“அதத்தான் நானும் கேக்கன்.”

சனிக்கிழமை நாவிதன்வெளிக்குப் போனேன். கை போனபிறகு அன்றுதான் முதல் தடவை. சாமித்தம்பியின் வாசல் கடப்பில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மகள் உசாந்தினி வெளியே வந்தாள். இருங்கள் என்று சொல்லவில்லை.

“அப்பா புதன்கிழமை மோசம் போயிட்டார். வியாழக்கிழமை அடக்கம்.”

வியாழன். மில் ஓடியது வெள்ளி.

“கடைசி ரெண்டு நாளும் பாயில கிடந்து இடது கையால காத்த இழுத்துக்கொண்டே இருந்தார். என்னப்பா செய்யிறீங்க எண்டு கேட்டன்.” அவள் என்னை நேராகப் பார்த்தாள். “‘முதலாளி ஓட்டி வைக்கச் சொல்லிட்டுப் பள்ளிக்குப் போயிட்டார்’ எண்டார்.”

ஓம். சொன்னவன் நான்தான். கை போன அந்த வெள்ளிக்கிழமை, ஒரு கல்யாண வீட்டு அரிசியை மூன்று மணிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு கூட்டத்துக்கு நான் போகவில்லை. வாப்பாவின் இடத்துக்கு வேறொருவரைத் தெரிவு செய்தார்கள். அந்த நேரம் நான் மில்லில் இருந்தேன். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இடது கை பெல்ட்டுக்கு எட்ட வேண்டுமானால், மோட்டருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். வேறு வழியில்லை.

அப்படியே நின்று இழுத்தேன்.

பெல்ட் மறுபக்கமாக நகர்ந்தது.