உப்புப் போட்ட பிட்ச்

"கரையாலை போ! கரையாலை போ எண்டெல்லே சொல்லுறன்!"

குறுக்கு வழியாக வந்த இரண்டு ஜெர்மன் கால்பந்துக்காரர் முன்னால் பரராசசிங்கம் கையிரண்டையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். கத்துவது தமிழில்தான், ஆனாலும் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. சுற்றிப் போகிறார்கள். உறைந்த புல்லை மிதித்தால் முறிந்து கறுத்துப்போகும் என்பது போன வருடம் அவருக்கே தெரியாது. மிதித்தவரும் அவர்தான். அவருடைய சப்பாத்துத் தடங்கள் பங்குனி வரை கறுப்பாகக் கிடந்தன. தன் மேல் வந்த அந்தக் கோபத்தை இந்த வருடம் ஊரார் மேல் காட்டுகிறார்.

வுப்பர்டாலில் எங்கள் அகதி விடுதிக்குப் பின்னால், கால்பந்து மைதானத்தின் மூலையில் இருக்கிறது இந்த நிலம். சரியாக ஒரு கிரிக்கெட் பிட்ச் அளவு. மைதானக் காவலர் மனமிரங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்ப்பேன். புல் இருந்தால் உங்களுக்கு. இல்லாவிட்டால் சல்லிக்கல் கொட்டிக் கார் நிறுத்துவோம்" என்றும் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டுத் தலையாட்டிய பதினொரு பேரும் கோடையில் வெள்ளைக் காற்சட்டையோடு வரிசையாக நின்று படம் எடுத்தவர்கள். இலை கொட்டத் தொடங்கியதும் ஒருவரையும் காணோம். இலை வாரியதும், இரும்பு முள்ளால் நிலத்தைக் குத்திக் காற்று விட்டதும், வெறுமையான இடங்களில் விதை தூவியதும் அந்தப் பதினொன்றில் இல்லாத மனிதர். பரராசசிங்கத்துக்குப் பந்து சரியாகக் கண்ணுக்குத் தெரியாது, ஓட்டமும் ஏலாது. பன்னிரண்டாவது ஆளாக எல்லோருக்கும் தண்ணீர் கொண்டு ஓடுவார்.

ஊரில் பஸ் கொண்டக்டர். இங்கே வேலை செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அப்ப இதென்ன அண்ணை?" என்று கேட்டேன். "இது வேலையே? இது விசர், பைத்தியம். விசருக்கு இன்னும் தடை போடேல்லை" என்றார்.

விடுதியின் பொதுச் சமையலறையிலும் அவரோடு கரைச்சல்தான். யார் சட்டி கொதித்தாலும் கேளாமல் மூடியைத் திறந்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி, "உப்புக் கூடிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். மகாதேவி அக்கா அகப்பையை ஓங்கியே துரத்தியிருக்கிறா.

தைப்பொங்கலன்று நல்ல பனி கொட்டியது. விசா நீட்டக் கந்தோரில் தெர்மீன், வரச்சொல்லிக் கொடுத்த நேரம், என்று பரராசசிங்கம் நகரத்துக்குப் போயிருந்தார். அணித்தலைவன் இரத்தினத்துக்கு அந்த நேரம் பார்த்துப் பொங்கல் மாட்ச் ஆட ஆசை வந்துவிட்டது. தினமும் காலையில் விடுதி வாசலில் உப்புத் தூவிப் பனியை அகற்றுகிறவன் அவன். மிச்சமிருந்த உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிட்சில் கொட்டிவிட்டான். திரும்பி வந்தவரிடம் பெருமை வேறு.

"பாருங்கோ அண்ணை, நிலம் எப்பிடிப் பளிச்செண்டு தெரியுது!"

"எட கோதாரி விழுவானே! புல்லுக்கு ஆரடா உப்புப் போடுறது?"

"ஒரு புல்லுக்கு ஏன் அண்ணை இந்தக் கத்தல்?"

ஒரு புல்லாம்! மாசி பிறக்க நடுப் பிட்ச் முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. பனி உருகிய நாளிலிருந்து பரராசசிங்கம் சமையலறைக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து, மேட்டில் சுமந்துபோய் ஊற்றி, உப்பைக் கழுவி இறக்கப் பார்க்கிறார். யன்னலில் நின்று தேத்தண்ணி குடித்தபடி "விசர் மனுசன்" என்று சிரிக்கிறவர்களைக் காண எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சித்திரையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்களாம்? கார்களுக்கு நடுவிலா?

நேற்று இரத்தினம் ஜாக்கெட் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு வந்தான்.

"காணும் அண்ணை, ஊத்தினது போதும். உப்பெல்லாம் எப்பவோ போயிருக்கும்."

பரராசசிங்கம் வாளிகளை வைத்தார். பழுத்த புல்லின் அடியில் ஒரு கிள்ளு மண் எடுத்து, உள்ளங்கையில் வைத்து நக்கினார். துப்பினார். இன்னொரு கிள்ளு எடுத்தார். இரத்தினத்தின் கையைப் பையிலிருந்து இழுத்து விரித்து, அதில் வைத்தார்.

"இப்ப நீ சொல்லு."

இரத்தினம் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். தப்ப வழியில்லை. நக்கினான். முகம் சுருங்கியது. அவனும் துப்பினான்.

பரராசசிங்கம் ஒரு வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு நடந்தார்.