ஒரு வாரமாக வராத வீடியோ

சூளையிலிருந்து வரும் கப்புகளில் கீறல் இருக்கிறதா என்று கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனிக்கு அந்த புரோகிராமைத்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் கேமராவை மேலே மாட்டினேன். வீடியோ வந்தது. சனிக்கிழமை முதல் லேப்டாப்பில் வெறும் கறுப்புத் திரை.

இந்த குரூப்பில் நீங்கள் எல்லாரும் சொன்னதைச் செய்தேன். கேமராவை லேப்டாப்போடு பேச வைக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன். லேப்டாப்பில் கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினேன். ஒழுங்காக ஓடிய புரோகிராமை மூன்று முறை அழித்து எழுதினேன். எர்ரரும் இல்லை, படமும் இல்லை.

இன்று காலை முதலாளி வந்து பார்த்தார்.

"தம்பி, இது வேலைக்கு ஆவாது. கழட்டி எடுத்துக்கிட்டு போயிடுங்க."

கழற்றத்தான் ஏணியில் ஏறினேன். கேமராவின் கண்ணை முழுசாக அடைத்தபடி காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

கீழே கப்பு அடுக்கிக்கொண்டிருந்த செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"நான்தாங்க வெச்சேன். வெள்ளிக்கெழம சாயந்திரம் எல்லா மிசினுக்கும் வெப்போம். புதுசா வந்தத மட்டும் வுட்டுட்டா நல்லாவா இருக்கும்? பொட்டு வெக்க அதுல வட்டமா அந்த ஒரு எடந்தான் இருந்துது."

துடைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. பார்க்க முதலாளி இல்லை, பெண்ணாடம் கிளம்பிவிட்டார். நான்கு முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் செல்வி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"இன்னிக்கும் வெள்ளிக்கெழமங்க. இதுக்கு இப்ப எங்க வெக்கறது?"

டிரைவரை மாற்றச் சொன்ன நண்பர்களே, இதற்கும் நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள்.