நோவு சொல்லாத பிள்ளை

துறைமுகத்து மதிலோர மைதானத்தில் இன்று சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

அன்று பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. முதல்நாள் பயிற்சியில் புரண்ட என் கணுக்கால் வீங்கியிருந்தது. ரீச்சர் அதை எங்கள் விளையாட்டு இல்லத்து மஞ்சள் றிபனால் இறுக்கிக் கட்டினார். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம்போல இருந்தது.

"நீ இல்லாட்டி அஞ்சலோட்டம் போச்சு. மற்றதுகள் சிணுங்குங்கள். நீ நோவெண்டு சொல்லாத பிள்ளையெல்லே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடினேன். கோலைக் கைமாற்றுகிற இடத்தில் எலும்பு முறிந்து விழுந்தேன்.

அப்பா துறைமுக வேலையை விட்டுச் சைக்கிளில் ஓடிவந்தார். அதற்குள் ரீச்சர் அந்த றிபனை அவிழ்த்து, சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓட வேண்டாமெண்டு சொன்னனான். உங்கட பிள்ளை சொல்வழி கேளாது."

"ஓம் ரீச்சர், வீட்டிலயும் இவள் பிடிவாதக்காரிதான்" என்றார் அப்பா.

நான் ரீச்சரின் முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலோடு என் பள்ளிக்கூடமும் நின்றது. அப்பா சாகும்வரை எல்லாம் என் பிடிவாதத்தால் வந்ததென்றே நம்பினார்.

இன்று அந்தக் கோட்டின்மேல் அடுத்த வீட்டு வனிதா நொண்டி நொண்டி ஓடினாள்.

"இவளுக்கு நோவே தெரியாது" என்று பயிற்சியாளர் மற்றப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பிள்ளை, கால் நோகுதா?"

"இல்லை ஆச்சி" என்றாள், உடனே.

அந்த 'இல்லை'யை எனக்கு நன்றாகத் தெரியும். படலையைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் போனேன்.