அடியில் இருந்த ஓட்டை

விறகுப் புகையில் இறைச்சி வேகவைக்கும், பீப்பாய் வடிவப் பழைய இரும்பு அடுப்பு ஒன்றை வாங்கினேன். விற்றவரே இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள மெர்சிங்கிலிருந்து பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கு வேனில் கொண்டுவந்து இறக்கினார். துருவைச் சுரண்டச் சுரண்ட, எந்தப் பாகம் எதற்கு என்று தெரிந்துகொள்ளும் ஆவல் கூடியது. சின்னக் கதவு காற்றுக்கு, உள் தகடு நெருப்பை மறைக்க என்று நானே கண்டுபிடித்தேன்.

பீப்பாயின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. துரு தின்றது என்று நினைத்துக் கோபம் வந்துவிட்டது. "ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டீங்களே! இனி நான்தான் அடைக்கணும்" என்று அவருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். பட்டறையில் சொல்லி வெல்டிங் வைத்து அடைத்தேன். அவர் பலமுறை அழைத்தார். சாக்குச் சொல்வார் என்று நான் எடுக்கவே இல்லை.

ஞாயிறு காலை முதன்முதலாக நெருப்பு மூட்ட விறகு அடுக்கும்போது அவருடைய வேன் வந்து நின்றது.

"நீங்க போன் எடுக்கல லா, அக்கா. அதான் நேர்லயே வந்துட்டேன். அடைச்சிட்டீங்களா?"

"ஆமா."

"அலமாக்! கொழுப்பு வடியற வழி அக்கா அது. அடைச்சா உள்ளயே தேங்கித் தீப்பிடிச்சுக்கும்."

துரு தின்ற ஓட்டை அவ்வளவு வட்டமாகவா இருக்கும்? எல்லாவற்றையும் ஏன் என்று கேட்ட நான், இதை மட்டும் கேட்கவில்லை.

அவர் வேனிலிருந்து டிரில்லை எடுத்து மறுபடி ஓட்டை போட்டார். மன்னிப்புக் கேட்டேன். "வீட்டுல பிள்ளைங்க இருப்பாங்க, மனசு கேக்கல" என்றவர், நான் அடுப்பில் வைத்த கோழி வேகும்வரைகூட நிற்கவில்லை.

என்னைத் திட்டியவருக்காக இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போயிருப்பேனா? ஆமாம் என்று சொல்ல எனக்கு இன்றும் துணிவில்லை.