ஏவுதலுக்குக் காத்திருந்த இரண்டு வருடங்கள்

தினமும் காலையில் டைரியில் ஐந்து எண்கள் போடுவேன். நான்குக்கு எதிரே அன்றைய வேலைகள். ஐந்தாவதைக் காலியாக விடுவேன். அது பரிசுத்த ஆவியானவருக்கான இடம். ஜெபம் முடித்துக் கண் திறக்கும்போது மனதில் என்ன ஏவுதல் விழுகிறதோ அதை அங்கே எழுதி, அன்றைக்குள் செய்துவிட வேண்டும் என்பது கல்லூரி முடித்த வருடம் நான் எடுத்த தீர்மானம். பெரும்பாலான நாட்களில் அந்த வரி காலியாகவே கிடந்தது.

அம்மாவுக்கு அப்படி இல்லை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஆவியானவர் அம்மாவிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வண்டி எடுக்காத, எனக்கு மனசுல சமாதானம் இல்ல" என்பாள். எடுக்க மாட்டேன். ஒருநாள் பாதி கொதித்த சாம்பாரை நிறுத்திவிட்டு, முந்தின நாள் மீந்த இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த சபை அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போனாள். அவர் காய்ச்சலில் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் படுத்திருந்தார். நானே பார்த்தது இது. அதனால்தான் அம்மாவைக் கேலி செய்ய எனக்கு வரவில்லை. பொறாமைதான் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் அக்கா தன்னோடு வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்து. கல்யாணம் கோவிலில் நடந்தது. அம்மா போகவில்லை, நானும் போகவில்லை. அதற்குப் பிறகு அக்கா செய்த போன்களை அம்மா எடுக்கவில்லை. எனக்கு வந்த குறுஞ்செய்திகளுக்கு நான் ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். பிறகு, தன் வீட்டு விலாசத்தை அனுப்பியதோடு அவையும் நின்றுபோயின.

அம்மாவுக்குக் கோபம் என்று சபையில் நினைத்தார்கள். அது கோபமில்லை. "கர்த்தர் போன்னு சொன்னா அடுத்த நிமிஷம் போயிடுவேன். அவர் இன்னும் சொல்லல" என்பாள். சாக்குக்குச் சொன்னதல்ல. முழங்கால் வலியோடு கட்டிலோரம் மண்டியிட்டு, அக்காவின் பெயரைச் சொல்லி அவள் அழுவதைக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு மட்டும் விழுந்தது. ஐந்தாவது வரிக்கு எதிரே, வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரே விஷயம்: அக்காவைப் போய்ப் பார். நான் அதை எழுதவில்லை. திருமுடிவாக்கத்தில் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. அங்கே ஒரு விதி உண்டு: பீஸைச் செய்தவரே அதைச் சோதித்து ஓகே போடக் கூடாது. அது சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவரின் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரியும். அந்த விதியை நான் எனக்கே போட்டுக்கொண்டேன். அக்காவைப் பார்க்க எனக்கு ஆசை இருக்கிறது, ஆகவே அது என் குரல், ஆகவே அது அவர் குரலாக இருக்க முடியாது. கம்பெனி வேன் தினமும் என்னைக் குரோம்பேட்டையில் இறக்கிவிடும். அங்கேதான் செம்பாக்கத்துக்கு பஸ் பிடிப்பேன். அந்த நிறுத்தத்திலிருந்து அக்கா வீடு பத்து நிமிட நடை. இரண்டு வருடம் அங்கே நின்று, ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஆசையே இல்லாத ஒரு நாளில் அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அப்படி ஒரு நாள் வரவில்லை.

போன மாதம் ஒரு பிற்பகல். ஒரு பீஸில் துளையின் அளவு அனுமதித்த எல்லையில் நின்றது. மூன்று முறை அளந்துவிட்டுப் பீஸைக் கையிலேயே வைத்திருந்தேன். டிரில்லிங் மெஷின் ஓட்டும் அண்ணன் வந்து நின்றார்.

"இன்னா மேடம், டீக்கு முன்னாடி புட்சீங்க, இன்னும் கைலயே வச்சிகினு கீறீங்க. அது வாயத் தொறந்து சொல்லும்னு பாக்குறீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லைக்குள்தான் இருந்தது. ஓகே போட்டுக் கொடுத்தேன். ஆனால் அன்று வேன் குரோம்பேட்டையில் நின்றபோது, என் பஸ் வந்து நின்றும் நான் ஏறவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். கையில் தோசைக் கரண்டி.

"என்னடி, திடீர்னு?"

"வரணும் போல இருந்துச்சு."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"பஸ்ஸு அவ்ளோ லேட்டா?" என்றாள். சிரிக்கவில்லை. "தினமும் இங்கதானே மாறுற. ஒருநாள் மருந்துக் கடையிலேர்ந்து பாத்தேன். கூப்பிடலாம்னு நினைச்சேன். நீ அப்படியே ரோட்டையே பாத்துக்கிட்டு நின்ன."

அவள் என் பையை வாங்கிக்கொண்டாள். தோசை சுட்டுப் போட்டாள். சாப்பிடும் முன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜெபிக்கக் கண்ணை மூடினோம். "இந்தப் பழக்கம் மட்டும் போவேனாங்குது" என்றாள். அப்போது சிரித்தாள். கிளம்பும்போது, வாசலில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மா அனுப்பினாங்களா?"

"இல்ல."

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் சொன்னேன். "அக்கா வீட்டுக்குப் போயிட்டுதான் வரேன்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"உனக்கு ஏவுதல் வந்துச்சா?"

கேட்ட விதத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு. ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே அம்மா கிளம்பியிருப்பாள். அக்கா வாசலில் நின்ற விதம் கண் முன்னால் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் கேட்காத ஒரு குரலை அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லை.

"தெரியலம்மா. அவளப் பாக்கணும் போல இருந்துச்சு. அவ்ளோதான்."

அம்மா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

"அது எனக்குந்தான் இருக்கு" என்றாள். "காலைல எழுந்தா மொத அதான் வருது. அது கர்த்தர் சொல்றதில்ல, என்னோட மாம்சத்து ஆசைன்னு தள்ளித் தள்ளி விட்டுட்டிருக்கேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எப்போதும் எல்லாம் தெரிந்தவளாக இருந்த அம்மா, என்னிடம் கேட்கலாமா என்று யோசிப்பது போல ஒரு காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டு. லிஃப்ட் இல்ல."

அம்மா தன் முழங்காலைப் பார்த்தாள்.

"நடுவுல ஒரு தடவ உக்காந்துக்கிட்டா ஏறிடுவேன்" என்றாள்.