புளி போட்டு விளக்கிய தோட்டாக்கள்

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் தையல் மெஷின், அருவாமணை, அண்ணனுடைய பைக் இவற்றோடு ஒரு ரைஃபிளும் பொட்டு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கும். அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பியதும் லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அதை வைத்துத்தான் அவருக்கு வேலை. கே.கே. நகரில் ஒரு பேங்க் வாசலில் கன்மேன். செக்யூரிட்டி கம்பெனி சம்பளமும் யூனிஃபார்மும் தரும். துப்பாக்கியும் தோட்டாவும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

புதுத் தோட்டா விலை அதிகம். அதனால் பட்டாளத்தில் வயதாகிவிட்டது என்று கழித்துவிட்ட தோட்டாக்களை அப்பா ஒரு துப்பாக்கிக் கடையில் மலிவாக வாங்கித் தகர டப்பாவில் வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு. "பட்டாளத்து மருந்துடி இது. கடையில விக்கிறதெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது" என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுடச் சொல்வார்கள். சுட்டுவிட்டு வரும் அன்று அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்துவிட வேண்டும். அந்தப் பழைய தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கிக் குழாய்க்குள் உப்பு மாதிரி படிந்து துருப்பிடிக்குமாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

தோட்டாவின் கூடு பித்தளை. பித்தளை என்றால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். பூஜைக்கு முந்தின நாள் அம்மா குத்துவிளக்கு, செம்பு, மணி எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கும்போது தோட்டாக்களும் கூடவே வந்துவிடும். அப்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தக் கழுத்துகிட்ட இன்னுங் கொஞ்சம் அமுக்கித் தேய்" என்று வேலை வாங்குவார். தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் துண்டு விரித்துக் காயவைப்போம். பொட்டு வைப்பது என் வேலை. தோட்டாவின் அடியில் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். ஊசி வந்து அடிக்கிற கேப் அதுதான். பொட்டு வைக்க அதைவிட அளவான இடம் கிடைக்காது. சந்தனத்தைக் குழைத்து அதில் வைத்து மேலே குங்குமம் தொடுவேன்.

அப்பா போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நெஞ்சு வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவள். இந்த இடத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுதான் வருகிறது.

லைசென்ஸ்காரர் இல்லாத வீட்டில் வைக்கக் கூடாது என்று துப்பாக்கியையும் டப்பாவையும் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். அண்ணன் பேருக்கு லைசென்ஸ் மாறி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் திருமங்கலத்தில் அவன் வேலை பார்த்த டயர் கடையை மூடிவிட்டார்கள். கூட்டாளிகள் திருப்பூருக்குக் கூப்பிட்டார்கள். அவன் பரண் மேலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினான். அப்பா இல்லாத வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு மூன்று தட்டு போடவே எனக்கு இன்னும் பழகவில்லை. அதில் இன்னொரு தட்டை எடுத்துவிட்டால் நானும் அம்மாவும் என்ன பேசிக்கொண்டு சாப்பிடுவோம்?

துப்பாக்கி கைக்கு வந்த சமயத்தில் கம்பெனி சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். அப்பா இருந்த இடத்துக்கே அண்ணனை எடுத்துக்கொள்வார்களாம். ரேஞ்சில் ஐந்து குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். அப்பா இருக்கும்போதே அவனைப் பயிற்சிக்குச் சேர்த்துச் சுடப் பழக்கியிருந்ததால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவன் பாஸ் பண்ணினால் வீட்டில் இருப்பான். இல்லையென்றால் திருப்பூர் பஸ். நான் அந்த மாதம் கும்பிடாத சாமி இல்லை.

பூஜை முடிந்த வாரம் டெஸ்ட். அம்மா வழக்கம்போல எல்லாவற்றையும் விளக்கி வைத்திருந்தது.

"புதுசு அஞ்சு வாங்கிருவமாம்மா?" என்று அண்ணன் கேட்டான்.

"எதுக்கு? உங்கப்பா வச்சது டப்பா நெறைய கெடக்கு."

"பழசும்மா."

"அவரு சுடும்போது மட்டும் புதுசா இருந்துச்சாக்கும்? வெளக்கி வச்சிருக்கேன் பாரு, மொகம் தெரியுது."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ என்ன சொல்ற?"

"அப்பாவோடதுலயே சுடுண்ணே" என்றேன். அவர் கை பட்டது இவனுக்கு வேலை வாங்கித் தரப்போகிறது என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பைக்கில் துப்பாக்கியைக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனான். நான் வேலை பார்க்கும் பசுமலைத் தையல் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, உறை போட்ட ரைஃபிளைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ரேஞ்ச் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு பக்கம் பெரிய மண்மேடு, அதற்கு முன்னால் வரிசையாக அட்டைகள். கூட வந்தவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். டெஸ்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தொப்பை போட்ட பழைய பட்டாளத்துக்காரர்கள்.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்கிறவர் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "டிக்குன்னு மட்டும் சத்தம் வந்தா குழாய மேட்டப் பாத்தே வச்சிருக்கணும். ஒடனே தோட்டா போடுற போல்ட்டத் தொறந்துராதீக, லேட்டா வெடிக்கும். என்ன கோளாறா இருந்தாலும் கையத் தூக்கு. ஆனா ஒண்ணு, கையத் தூக்குனா இன்னைக்கு ஒனக்கு டெஸ்ட் முடிஞ்சது. மறுபடி கூப்பிடுறதும் கூப்பிடாததும் கம்பெனி இஷ்டம்."

அண்ணன் பாயில் குப்புறப் படுத்தான். முதல் குண்டு நன்றாக வெடித்தது. அட்டைக்குப் பின்னால் மண் புகைந்தது. இரண்டாவதற்கு 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. அவன் அசையாமல் இருந்தான். நான் ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு இழுக்கும்போது அது தானாக 'டமார்' என்றது. போல்ட்டை உடனே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

"தோட்டா பழசாப்பா?" என்றார் விசில்காரர்.

"பட்டாளத்துதுண்ணே. நல்லதுதான்."

"பாத்துச் சுடு" என்று சொல்லிவிட்டு அவர் வரிசையின் அந்தப் பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார்.

மூன்றாவதற்கு 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஆள் தலையைத் திருப்பி, "என்ன மாப்ள, புஸ்வாணம் விடுற? தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கே!" என்றார். வரிசையே சிரித்தது. அண்ணனின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. அவன் போல்ட்டை இழுத்தான், காலிக் கூடு கீழே விழுந்தது. அடுத்த தோட்டாவைக் கையில் எடுத்தான். 'சுடுண்ணே, சட்டுனு சுடு, சிரிக்கிறாய்ங்க' என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் மண்மேட்டைப் பார்த்தான். ஒரு கையால் தோளைத் தடவினான். பிறகு தோட்டாவைப் பாயில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. போச்சு, எல்லாம் போச்சு, இவனே கெடுத்துவிட்டான் என்று கயிற்றைப் பிடித்துத் திருகினேன்.

விசில்காரர் வந்தார். எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். ஒரு நீளமான பித்தளைக் கம்பியைக் குழாயின் முனை வழியாக மெதுவாக விட்டார். கம்பி பாதிக்கு மேல் போகவில்லை. இன்னொரு தடவை விட்டார். அதே இடத்தில் 'டக்' என்று நின்றது. கம்பியை வெளியே எடுத்து, நின்ற இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அண்ணனிடம் காட்டினார். "குண்டு உள்ள நிக்கிதுடா தம்பி. மருந்து எரியல, கேப்பு மட்டும் வெடிச்சுத் தள்ளியிருக்கு. இதுக்குப் பின்னாடி இன்னொண்ணச் சுட்டிருந்தா குழாய் கிழிஞ்சு ஒன் மூஞ்சியிலதான் வந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. புஸ்வாணம் என்று சொன்ன ஆள் எழுந்து வந்து அண்ணனின் முதுகைத் தட்டி, "கோவிச்சுக்காத மாப்ள, நானா இருந்தா சுட்டிருப்பேன்" என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கயிற்றைத் தாண்டி வந்தான்.

"ஏண்டி அழுவுற? அதான் ஒண்ணும் ஆகலயில்ல."

"நான் உள்ளுக்குள்ள சுடு சுடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேண்ணே."

"தோள்ல இடிக்கவே இல்ல. அப்பா துப்பாக்கி இடிக்காம இருக்குமா? மண்ணும் பொகையல. போன குண்டு எங்க போச்சுன்னு தெரியாம எப்பிடிச் சுடுறது?"

"கையத் தூக்குனா வேலை போயிருமேன்னு நெனைக்கலயா?"

"நெனச்சேன். தூக்கும்போதே திருப்பூர் பஸ் தெரிஞ்சிச்சு" என்று சிரித்தான்.

துப்பாக்கியை அப்படியே துப்பாக்கிக் கடை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் குண்டைத் தட்டி எடுத்துவிட்டு, மிச்சத் தோட்டாக்களை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். சிலவற்றின் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல் இருந்தது.

"இதென்ன இந்தப் பளபளப்பு? யாரு கழுவுனது?"

"எங்கம்மாண்ணே. புளி போட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "புளி போட்டா? அப்பிடியே தாளிச்சு எறக்கியிருக்கலாமேப்பா."

அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இந்தத் தோட்டாக்களுக்கு ஏற்கனவே வயசு முடிந்துவிட்டது, எந்தெந்தக் கிடங்கில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்ததோ தெரியாது, அதற்கு மேல் வருஷா வருஷம் புளித்தண்ணி கேப்பின் ஓரமாக உள்ளே போனால் மருந்து நமுத்துப்போகும், புளி பித்தளையையும் அரிக்கும் என்றார். "ஒண்ணு வெடிக்கும், ஒண்ணு வெடிக்காது, ஒண்ணு லேட்டா வெடிக்கும். எது எதுன்னு பாத்தாத் தெரியாது. அம்புட்டையும் இங்க கொண்டாந்து குடுங்க, அழிக்கிறதுக்கு நான் அனுப்பி வைக்கிறேன்."

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அம்புட்டு வருஷம் சுட்டாரே. அவருக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஆகலம்மா. அம்புட்டுத்தான். ஆகியிருக்கலாம்" என்றான் அண்ணன்.

அம்மா டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது. பிறகு, "இத வச்சுக்கிட்டா ஒவ்வொரு வருஷமும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தாரு மனுசன்?" என்றது. "வந்து, குழாயக் கழுவிட்டு, சோறு போடுன்னு உக்காருவாரே." அதைச் சொல்லும்போது அதன் முகம் மாறியது. அழப்போகிறது என்று நினைத்தேன். அழவில்லை. டப்பாவை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டது.

நான் அதுவரை அப்பா சீக்கிரம் போய்விட்டார், சீக்கிரம் போய்விட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் படுக்கும்போது வேறு மாதிரி தோன்றியது. அவர் எத்தனை தடவை பத்திரமாக வீட்டுக்கு வந்திருக்கிறார்! எங்களுக்குத் தெரியாமலேயே எங்களுக்குக் கிடைத்த வருஷங்கள் அவை. துக்கம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். மூச்சு விட இடம் கிடைத்தது.

சூப்பர்வைசர் இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்து மறுபடி டெஸ்டுக்குக் கூப்பிட்டார். குரலைக் கடுமையாகத்தான் வைத்துக்கொண்டார். "துப்பாக்கி சரியா இருக்குன்னு மெக்கானிக் சொன்னாத்தான் வரணும். கூட அந்தக் குப்பையத் தூக்கிட்டு வந்த, திருப்பி அனுப்பிருவேன்." அம்மா தன் சீட்டுப் பணத்திலிருந்து புதுத் தோட்டா வாங்கிக் கொடுத்தது. இந்தத் தடவை நான் கயிற்றுக்குப் பின்னால் நின்று வாய்க்குள் எதுவும் சொல்லவில்லை. ஐந்தும் நன்றாக வெடித்தன. ஒன்று மட்டும் அட்டைக்கு வெளியே போனது.

அவன் வேலைக்குச் சேர்ந்த மறுவாரம், நூல் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுக் கே.கே. நகருக்குப் போனேன். பேங்க் வாசலில் அண்ணன் யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தான். சட்டை தோளில் கொஞ்சம் பெரிது. பாஸ் புக்கோடு படியேறிய ஒரு அக்கா அவனைப் பார்த்து நின்றார்.

"ஏந்தம்பி, முன்னாடி இருந்த அண்ணன் என்ன ஆனாரு? ஒரு வருஷத்துக்கு மேல ஆளக் காணோமே?"

"அவரு எங்கப்பாக்கா. தவறிட்டாரு."

"அய்யோ" என்று அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "நல்ல மனுசன். எம்புட்டுக் கூட்டமா இருந்தாலும் என்னைய உக்கார வச்சிருவாரு." அவன் சட்டையைப் பார்த்துவிட்டு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"இனிமேத்தான்க்கா. உள்ள கூட்டமா இருக்கு, நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அப்போதுதான் அண்ணன் என்னைப் பார்த்தான்.

"நீ எதுக்கு இங்க வந்த? வேலைக்குப் போகலயா?"

"சும்மாத்தான்."

"போ போ, டூட்டியில பேசக் கூடாது. சாயங்காலம் வாரேன். அம்மாவ அடைக்கு அரைக்கச் சொல்லு, பசிக்கும்."

நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே அம்மாவுக்கு ஃபோன் செய்து, அரிசியும் பருப்பும் ஊறப்போடச் சொன்னேன்.