அக்காவின் கைக்கு அளவான கையுறை

வேலணையில் புகையிலைத் தோட்டமும் பனங்காணியும் கொண்ட குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அவருக்குப் பின் இரண்டு ஆண் பிள்ளைகள், கடைசியாக நான். அண்ணன்மார் இருவரும் அக்காவின் கல்வியையும் தெய்வ பக்தியையும் இந்த நினைவு மலரில் தத்தம் கட்டுரைகளில் நன்றாக எழுதிவிட்டார்கள். கையுறைக் கதையை எழுத வேறு ஆளில்லை. நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் சின்னண்ணை வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"எழுது. ஆனால் பகிடி விடாதை. சனம் சாப்பாட்டுக்கு முதல் வாசிக்கிறது."

முயன்று பார்க்கிறேன். பயம் வந்தால் எனக்குப் பகிடி வரும் என்பது இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அனைவருக்கும் தெரியும். எனக்கு எவ்வளவு பயம் வரும் என்பது அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும்.

அம்மா காலமானபோது நான் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருக்கவில்லை. அதன்பின் எனக்குத் தலை வாரி இழுத்துவிட்டது, சோறு குழைத்துத் தந்தது, இடி முழங்கினால் காதைப் பொத்தியது எல்லாம் அக்காதான். போர்க்காலத்தில் வேலணைத் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது வள்ளத்தில் நான் வாந்தியெடுக்க, தலையைப் பிடித்துக்கொண்டவரும் அவரே. குழந்தையல்ல, அப்போது எனக்கு மீசை அரும்பியிருந்தது. திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைக் கண்டு நான் கிணற்றுக்கட்டில் குந்திவிட, அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத் தொடங்கினார்.

அக்கா தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றார். சம்பந்தம் பேசி வந்தவர்களிடம், "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்பார். தம்பி ஒரு நிலைக்கு வந்து சேர்வதற்குள் பேசி வந்தவர்கள் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

ஓய்வுபெற்றுச் சில காலத்தில் அவரது வலக்கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் கோப்பை தட்டில் கலகலவென்று அடித்தது. "என்னக்கா, தாளம் போடுறியளோ?" என்று கேட்டேன். அக்கா சிரித்தார். நான் குசினிக்குள் போய், அடுப்படியில் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவர் பார்க்கின்சன் என்று நோயின் பெயரைச் சொன்னார். தாதி ஓடிவந்து ஒருவரைக் கட்டிலில் கிடத்திக் காலை உயர்த்திப் பிடித்தார். அந்த ஒருவர் நான். நோயாளி தனக்கு மருந்து எழுதிய துண்டால் எனக்குக் காற்று விசுக்கியபடி, "டொக்டர், இவனுக்கும் ஏதாவது எழுதித் தாங்கோ" என்றார்.

அன்று முதல் ஆட்கள் வந்தால் அக்கா அவர்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. குசினியில் சுவரைப் பார்த்த கதிரையில், கரண்டியால் சாப்பிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. சொல்லப்போனால், எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த மருத்துவரின் சிகிச்சை நிலையத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஜெனிற்றா மிஸ். அவர்தான் ஒருநாள், "அன்ரி, பொக்சிங் பழகுவமே?" என்று கேட்டார்.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா நிதானமாக, "ஆரைக் குத்துறது?" என்றார்.

"ஒருத்தரையும் இல்லை, அன்ரி. ஒராள் ரெண்டு கையிலையும் மெத்தை மாதிரி ஒரு சாமான் போட்டுக்கொண்டு நிப்பார். பாட் எண்டு சொல்லுறது. நீங்கள் அதிலை குத்த வேணும். கையை நல்லா எட்டி நீட்டி, காலை மாத்தி வைச்சு. உடம்பு இறுகாமல் இருக்க உதவும்."

"பாட் பிடிக்க ஆர்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பின்பு அக்கா ஒன்று கேட்டார். அப்படி ஓர் ஆசை அவருக்கு இருப்பதை அன்றுதான் அறிந்தேன். "மிஸ், தம்பியின்ரை மகளுக்குக் கலியாணம் வருது. நான் பந்தியிலை இருந்து கையாலை சாப்பிட வேணும். அதுக்கு இது உதவுமே?"

"உறுதி சொல்ல ஏலாது, அன்ரி. செய்து பாப்பம்."

கையுறை வாங்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் தனியே போனேன். வயதான சகோதரிக்குப் பொக்சிங் கையுறை என்று நாலு பேர் முன்னால் கேட்க எனக்கு வெட்கம்.

"ஆருக்கு அண்ணை?" என்றார் விளையாட்டுச் சாமான் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மரியாதையாக முகத்தைப் பார்த்தார். "தொடக்கமோ?"

"தொடக்கந்தான்."

"அப்ப ஒட்டுற பட்டி வைச்சது சுகம். தனிய போட்டுக் கழட்டலாம். நாடா கட்டுறதுக்குப் பக்கத்திலை ஆள் வேணும்."

எதிரே பெரிய கறுப்புச் சோடி ஒன்று தொங்கியது. கனத்த தோல், முழங்கைப் பக்கம் நீளும் நாடா. அதைக் காட்டினேன். அவர் இரண்டு கையிலும் மாட்டி இறுக்கிக் கட்டினார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. எடுக்க எனக்கு விரல் இல்லை. நெஞ்சில் நானே இரண்டு குத்து விட்டேன். நிற்கவில்லை. மூச்சு முட்டியது, இனி இந்தக் கையோடுதான் வாழப்போகிறேன் என்று தோன்றியது. கடைக்காரர் தொலைபேசியை எடுத்து என் காதில் வைத்தார்.

"எங்கை நிக்கிறாய்? ஏன் மூச்சிளைக்கிறாய்?" என்றார் அக்கா.

"மரக்கறிக் கடையிலை."

"அப்ப ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வா."

பேருந்தில் பொதியை மடியில் வைத்திருந்தேன். கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும், பக்கத்தில் இருந்த ஊர் அன்ரி பொதியைத் தடவிப் பார்த்து, "பூசணிக்காயோ தம்பி?" என்றார். ஓம் என்றேன். "நல்ல பாரமாக் கிடக்கு. எனக்கும் ஒரு துண்டு தாரும்" என்றார். இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அக்கா பொதியை அவிழ்த்தார். முதலில் மணந்து பார்த்தார்.

"மாட்டுத்தோலோ?"

நான் அதை நினைத்தும் பார்க்கவில்லை. மாமிசத்தைக் கையால் தொடாதவர் அக்கா. சாமியறைக்கு எதிர்ச்சுவரில் கையுறைக்கு ஆணி அடித்து வைத்திருந்தார்.

பிறகு வலக்கையை உள்ளே விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. "இதுக்குள்ளை என்ரை ரெண்டு கையையும் ஒண்டா விடலாம். ஆற்றை கையிலை போட்டுப் பாத்தனீ?"

"என்ரை கையிலை."

"பள்ளிக்கூடச் சட்டை மாதிரி வளரிற அளவுக்கு எடுத்தனியோ? இந்த வயதிலை என்ரை கை வளருமே? இந்த நாடாவை ஆர் கட்டிறது? நீ சந்திக்குப் போய் நிண்டால், தண்ணி விடாய்க்கிற நேரம் நான் இதோடையே இருக்கிறதோ?"

தப்பித்துக்கொள்ள அவசரமாக ஒன்றைச் சொன்னேன். "பெரிசெண்டால் கை நடுங்கிறது வெளியிலை தெரியாது, அக்கா."

அக்கா கையுறையை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார். கை அதன் பாட்டில் ஆடியது. அதை மறைக்காமல் என் முன்னால் நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆருக்குத் தெரியக்கூடாது?"

பகிடி வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை வரவில்லை.

மறுநாள் அக்காவே என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் எங்களைக் கண்டதும், "அண்ணை, அளவு காணாதோ?" என்றார்.

"பொய் சொல்லிப்போட்டான், தம்பி. எனக்குத்தான் வேணும். எனக்குக் கை நடுங்கிற வருத்தம்" என்று அக்கா சொன்னார். கடையில் கிரிக்கெட் மட்டை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். நான் ரென்னிஸ் பந்துகளைக் கவனமாக ஆராய்ந்தேன்.

ஜெனிற்றா மிஸ் சொன்னபடி அக்கா முதலில் கையில் துணி சுற்றச் சொன்னார். கையுறை அந்தச் சுற்றுக்கு மேலே போடுவது. வெறுங்கையில் அளவு பார்த்தால் பிறகு இறுகிவிடும். ஒவ்வொன்றாகப் போட்டு விரல்களை நீட்டினார். நுனி முட்டியும் முட்டாமலும் இருக்க வேண்டும். மடக்கினார். முழுதாக மடங்காவிட்டால் அடுத்தது. மடங்கியதை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடைக்காரரின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். தோள் நோகத் தொடங்கியதும் அந்தச் சோடியைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பாரம் குறைந்த, மாட்டுத்தோல் இல்லாத, நீல நிற றெக்சின் சோடி. இடக்கைப் பட்டியை வலக்கையால் ஒட்டினார். வலக்கைப் பட்டியைப் பல்லால் கடித்து இழுத்து ஒட்டினார். நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"விடு. நீ இல்லாத நேரமும் நான் இருக்க வேணும்."

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து ஜெனிற்றா மிஸ் எங்கள் முற்றத்துக்கு வருவார். மற்ற நாட்களில் நானும் அக்காவும். நான் பாட் இரண்டையும் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அடி பின்வாங்குவேன். கிணற்றுக்கட்டில் முதுகு முட்டினால்தான் நிற்பேன்.

"டேய், ஓடாதை. நீ நிண்டால்தான் நான் குத்தலாம்."

"நோகுமக்கா."

"எனக்கோ உனக்கோ? கண்ணைத் திற. என்ரை கையைப் பார்."

பார்த்தேன். தபால் முத்திரை குத்திப் பழகிய கை, என் பாட்டில் வந்து நடுவிலே விழுந்தது. கையுறையைக் கழற்றியதும் நடுக்கம் அப்படியே இருந்தது. நோய் மாறியது என்று யாரும் இம்மலரைக் காட்டிக் கதைக்க வேண்டாம். ஆனால் கொடியில் சேலை விரிக்க அக்காவின் கை மறுபடி எட்டியது. பகலில் ஒருமுறை கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு விரலால் சோறு குழைத்தார். பாதி சோற்றுக் கோப்பைக்கு வெளியே போனது. மறுநாளும் குழைத்தார்.

என் மகளின் கலியாண நாள் வந்தது. அக்கா எதற்காக இத்தனை மாதம் குத்தினார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மாப்பிள்ளை வீட்டாரின் கண்கள் நினைவுக்கு வரவே, அக்காவுக்கு உள்ளறைக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சமையற்காரரிடம் சொல்லிவைத்தேன். மூடிய தட்டு, மேலே ஒரு கரண்டி. அக்கா அந்தத் தட்டோடு வெளியே வந்தார்.

"இதை ஆர் அனுப்பினது?"

"சனநெரிசல் அக்கா, உங்களுக்கு..."

தட்டை என் கையில் தந்தார். நேரே போய்ப் பந்தியின் முன்வரிசையில், சம்பந்தி அம்மாவுக்குப் பக்கத்து இலையில் இருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்தவரிடம் சாம்பார் வாளியைப் பறித்துக்கொண்டு அக்காவின் இலைக்கு முன்னால் போய் நின்றேன். சாம்பார் விட்டேன். பிறகும் நின்றேன். முழுச் சபைக்கும் என் முதுகைக் காட்டி, ஒரு மறைப்புத் தட்டி போல நின்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சபைக்கே கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, சாம்பார் விட்டால் விலகு. எனக்கு வெளிச்சம் வரேல்லை."

விலகினேன். அக்கா சாப்பிட்டார். சோறு சிந்தியது, சேலையில் விழுந்ததை இடக்கையால் தட்டிவிட்டு அடுத்த வாய் எடுத்தார். சம்பந்தி அம்மா அக்காவின் பக்கம் சரிந்து, "மச்சாள், பாயசம் விடச் சொல்லட்டே?" என்றார்.

"ஓம், விடச் சொல்லுங்கோ. வடையும்."

அவ்வளவுதான் நடந்தது. நான் பயந்தபடி மண்டபம் இடியவில்லை. பட்டு வேட்டி முழுக்கச் சாம்பாரோடு அந்தச் சபையில் நின்ற ஒரே ஆள், கை நடுங்கும் வருத்தம் இல்லாத நான்தான். கலியாணப் படங்களில் இன்றும் காணலாம்.

இந்த மாரியில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆசுப்பத்திரியில் கடைசி நாட்களில் கையை உயர்த்த ஏலாமல் போனது. நான் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டினேன். பாதி அவரது கழுத்தில் ஊற்றுண்டது. அக்கா என் கையைப் பார்த்தார். "இப்ப ஆர் நடுங்கிறது?" என்றார். தன் கையை மெல்ல நகர்த்தி என் மணிக்கட்டின் மேல் வைத்தார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. மிச்சக் கஞ்சி அப்படித்தான் உள்ளே போனது. மறுநாள் விடிய அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அக்காவுக்குப் பிடித்தவற்றையெல்லாம் படைத்தார்கள். நீலக் கையுறையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தேன். பையோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. முன்பு பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அதே அன்ரி, "உது என்ன தம்பி, பூசணிக்காயோ?" என்றார்.

"இல்லை அன்ரி. அக்காவின்ரை பொக்சிங் கிளவுஸ்" என்று வெளியே எடுத்து வைத்தேன்.

அக்காவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவருக்கும் தாதியருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை எங்கள் முற்றத்துக்குத் தந்த ஜெனிற்றா மிஸ்ஸுக்கும், கறுப்புச் சோடியை முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்த கடைக்காரருக்கும், அக்காவோடு இயல்பாக இருந்து சாப்பிட்ட சம்பந்தி அம்மாவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் தந்த உறவினர், அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பூசணிக்காய்த் துண்டு கிடைக்காத அன்ரி மன்னிக்க வேண்டும்.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நிறைந்ததும் பந்தி போடுவோம். கை நடுங்குபவர்கள் யாரும் குசினிப் பக்கம் போகவேண்டாம். முன்வரிசையில், வெளிச்சம் விழும் இடத்தில் இருங்கள். சாம்பார் வாளியோடு நான் வருவேன். விட்டதும் விலகிவிடுவேன்.